என் கணவரின் வாயைத் திறந்தவர்

பிறந்த மறுநாளே என் மகள் மூச்சுக்குத் தவித்துச் சாகக் கிடந்தாள். அந்த நாளில் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபையார் முன் சொல்ல வேண்டும். இதே சம்பவத்தை எங்கள் குடும்பத்திலேயே வேறொருவர் பல ஜெபக்கூட்டங்களில் சாட்சியாகச் சொல்லி வருகிறார். அவர் பாதியை விழுங்கிவிட்டுச் சொல்கிறார். அந்தப் பாதியை நான் சொல்கிறேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், ஐப்பசி. துடியலூரில் மாமியார் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தங்கிய கர்ப்பம். எட்டாம் மாதமே நீர் உடைந்து, ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள்.

நுரையீரல் முதிரவில்லை என்றார் டாக்டரம்மா. மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவள் நெஞ்சு உள்ளே குழிந்தது. முனகி முனகித்தான் மூச்சு விட்டாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். அவள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்று நர்ஸ் எங்கள் வீட்டார் எல்லோரிடமும் சொன்னார்.

மறுநாள் காலையில் முனகல் குறைந்திருந்தது. மதியம் திடீரென்று உடம்பு நீலம் பாரித்துவிட்டது. தையல் போட்ட வயிற்றோடு நான் பக்கத்து அறையில் படுத்திருந்தேன். டாக்டரம்மா வேகமாக அங்கே வந்தார்.

"காலைல நல்லாத் தேறுன கொழந்தைங்க. இப்ப நெஞ்சுல களகளன்னு சத்தம் கேக்குது. யாராச்சும் வாயில எதாச்சும் குடுத்தீங்களா? மறைக்காமச் சொல்லுங்க. தெரிஞ்சாத்தான் அதுக்குத் தக்க வைத்தியம் பாக்க முடியும்."

"ஐயோ, இல்லீங்க" என்றார் மாமியார்.

"நாங்க ஜெபம் மட்டுந்தானுங்க பண்ணுனோம்" என்றார் என் கணவரின் அக்கா. அவரை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். ஜெபக்குழுவில் அவருக்குப் பெரிய பேர்.

என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாயில்லாப் பூச்சி. அக்கா கிழித்த கோட்டை அன்றுவரை தாண்டினதில்லை.

"ஏனுங்க, உங்களுக்கு எதாச்சும் தெரியுமுங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன கண்ணு தெரியும்?" என்றார், சுவரைப் பார்த்தே. அந்தக் குரலிலேயே அவருக்கு ஏதோ தெரியும் என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

அதற்குள் நங்கையா என் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். "ஆண்டவரே, இந்தத் தாயின் அவிசுவாசத்தை மன்னியும்!" என்றார். என் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறாள், குற்றம் என் தலையில் விழுகிறது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது விசுவாசிகள் வீட்டிலும் உண்டு.

பிள்ளையைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கக்கூட எனக்கு அப்போது வாய் வரவில்லை. 'ஆண்டவரே, இந்த மனுஷன் வாயைத் திறங்க' என்று மனதுக்குள் கேட்டேன். அது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் எங்கள் வீட்டில் யாரும் ஜெபத்தை இடைமறிக்க மாட்டார்கள். என் கணவர் இடைமறித்தார்.

"அக்கா, போதும், நிறுத்துங்க" என்றார். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தார். "இவங்க சேனை வச்சுப்போட்டாங்க. சக்கரைத்தண்ணி. வேண்டான்னு சொல்ல எனக்குத் தைரியம் வல்லீங்க."

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்புத் தொட்டு வைப்பதுதான் சேனை; வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஆண்டவரை ஏற்றுக்கொண்டபோது எதையெல்லாமோ விட்டோம், இதை விடவில்லை. தன் குணம் பிள்ளைக்கு வர வேண்டும் என்ற ஆசையில், நர்ஸ் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து நங்கையா விரலில் தொட்டு வைத்திருக்கிறார். மூச்சு விடவே முடியாத பிள்ளை எப்படி விழுங்கும்? தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விட்டது.

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. ஓடினார். குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார். மருந்தை மாற்றினார். அன்றைக்கே ஆம்புலன்ஸில் ஏற்றி, செயற்கை மூச்சு கொடுக்கும் மிஷின் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கணவர் கூடவே போனார்.

ஆண்டவர் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார். முதல் தடவையாக அவள் அழுத சத்தத்தைக் கேட்டு நானும் சேர்ந்து அழுதேன். "நேரத்துக்குச் சொன்னீங்க. இல்லீன்னா முதிராத நுரையீரல்தான்னு நெனச்சு அதுக்கே வைத்தியம் பாத்துட்டு இருந்திருப்போம்" என்றார் டாக்டரம்மா.

தான் கை வைத்து ஜெபித்ததால் பிள்ளை பிழைத்தது என்று நங்கையா இன்றுவரை சாட்சி சொல்கிறார். அதில் சேனை வராது. தம்பி குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டான் என்று வீட்டில் மட்டும் சொல்வார். நாங்கள் தனிக்குடித்தனம் வந்துவிட்டோம். என் கணவர் இப்போது பேசுகிறார். சில நாள் தேவைக்கு மேலேயே பேசுகிறார். அதற்கும் ஸ்தோத்திரம்.

மகள் பள்ளிக்கூடம் போகிறாள். பனிக்காலத்தில் அவளுக்கு மூச்சு இளைப்பு வரும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குக் கசப்பு ஊறும். நங்கையாவை மன்னித்துவிட்டாயா என்று போதகர் ஐயா கேட்டார்.

"இன்னும் இல்லீங்கய்யா. அதுக்கும் ஜெபிக்கிறேன். இன்னும் கெடைக்கலீங்க" என்றேன். பொய் சொல்லி ஆமென் வாங்க எனக்கு மனசு இல்லை.

அன்பானவர்களே, நம்பிக் கேளுங்கள். அவர் கேட்கிறார். உங்கள் பிள்ளை மூச்சுக்குத் தவித்தால் முழங்கால் போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால், நடந்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.