சாக்குக்கு இரண்டு கழிவு

நடைப்பயிற்சி எனக்குப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. ஆனால் நாற்பத்திரண்டாவது வயதில், ஓர் ஆடி மாதத்திலிருந்து, தினமும் விடிந்தும் விடியாமலும் எட்டயபுரம் ரோட்டில் ஒரு மணி நேரம் நடந்தேன். என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மதினிக்கு ரத்த வகை சேரவில்லை. அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பெற்றவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒன்றைக் கொடுப்பதற்கு மிச்சம் நான் ஒருவன். எனக்கு எல்லாம் சேர்ந்தது, எடை மட்டும் சேரவில்லை.

"தொண்ணூத்தெட்டு கிலோ இருக்கீங்க. எண்பத்தஞ்சுக்குக் கொண்டு வாங்க, பிறகுதான் உங்க மேல கத்தி வைப்பேன்" என்றார் மதுரை டாக்டர். சரிங்க என்றேன். அந்த நேரத்தில் எனக்குப் பயமும் வரவில்லை, பாசமும் பொங்கவில்லை. டாக்டர் மேசை மேல் இருந்த பிளாஸ்டிக் சிறுநீரகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை விதை மாதிரிதான் இருந்தது. பக்கத்தில் அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு விவரம் சொல்வதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். சின்னப் பெண். எனக்கு ஒரு தாள் கொடுத்தாள். முன் பக்கத்தில் எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று இருந்தது. ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு கலோரி, அதற்கு மேல் கூடாது, தினம் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். இட்லிக்கு இவ்வளவு, தோசைக்கு இவ்வளவு என்று வரிசையாக எழுதியிருந்தது. பின் பக்கத்தில் எந்த வேலை செய்தால் எவ்வளவு எரியும் என்று ஒரு பட்டியல். ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் முந்நூறு. "சந்தேகம் இருந்தா போன் பண்ணுங்க சார்" என்றாள். எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் என் கேடு.

எங்களுக்குக் கோவில்பட்டியில் வத்தல் கமிஷன் கடை. விளாத்திகுளம் பக்கத்துச் சம்சாரிகள் தாங்கள் விளைவித்த மிளகாய் வத்தலை மூடை மூடையாகக் கொண்டுவந்து போடுவார்கள். மூடையைத் தராசில் ஏற்றினால் சாக்கும் சேர்ந்துதான் எடை காட்டும். அதனால் சாக்குக்கு ஒரு கிலோ கழிப்போம். அதற்குப் பெயர் கழிவு. எந்தக் கடைக்குப் போனாலும் கழிவு உண்டு, சம்சாரிக்கும் தெரியும், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஒரே சாக்குக்கு இரண்டு தடவை கழித்தால்தான் வெட்டுக்குத்து ஆகும். இருபது வருஷம் இந்தக் கழிவில் உட்கார்ந்து என் புத்தியே அப்படி ஆகிப்போயிருந்தது. எதைப் பார்த்தாலும் இதில் கழிவு எவ்வளவு என்றுதான் மனசு போகும்.

அந்தத் தாளையும் அப்படித்தான் படித்தேன். முன் பக்கம் ஆயிரத்து நானூறு. பின் பக்கம் முந்நூறு. நான் நடந்தால் முந்நூறு கழிந்துவிடுகிறது. ஆக, ஆயிரத்து எழுநூறு சாப்பிட்டாலும் கழிவு போக ஆயிரத்து நானூறுதானே? இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு என் மேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது.

என்னோடு நடந்தவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவருக்குச் சீனி வியாதி. என் கண்டுபிடிப்பை அவரிடம் சொன்னேன். "பின்ன என்ன அண்ணாச்சி? எரிச்சதத் திரும்பத் திங்கதுல என்ன தப்பு இருக்கு? எரிக்கிறதப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். திரும்பி வருகிற வழியில் ஒரு டீக்கடை. முந்நூறு கலோரிக்கு இரண்டு உளுந்தவடை, ஒரு டீ. சில நாள் கூட ஒரு கடலை மிட்டாய். முந்நூறு என்று நானே போட்டுக்கொண்டதுதான். வடை குடித்த எண்ணெயை யார் நிறுத்துப் பார்த்தது?

வீட்டில் நான் உத்தமன். காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி. என் மனைவி தாளை அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பரிமாறுவாள். எனக்காக அவளும் பாதி வயிறுதான் சாப்பிட்டாள். அவள் மெலிந்தாள். நான் மெலியவில்லை. "இது என்ன உடம்போ தெரியலயே, காத்தக் குடிச்சாக்கூட ஊதும் போலிருக்கு" என்று புலம்புவாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வடை வாசனை வரும்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைத் தராசில் ஏறி நிற்பேன். மூடை நிறுக்கிற அதே தராசுதான். தொண்ணூற்றேழு காட்டும். வேட்டிக்கும் சட்டைக்கும் ஒரு கிலோ கழிவு போட்டுத் தொண்ணூற்றாறு என்று சொல்வேன். அடுத்த வாரமும் அதேதான். கார்த்திகை போய், மார்கழி போய், தை பிறந்தபோது கழிவெல்லாம் போகத் தொண்ணூற்றைந்தில் நின்றேன். ஆறு மாதத்தில் மூன்று கிலோ.

அந்த ஆறு மாதமும் அண்ணன் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மதுரைக்குப் போய் ரத்தம் சுத்தி பண்ணிக்கொண்டு வந்தான். மற்ற நாள் கடைக்கு வந்துவிடுவான். அவனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். காப்பி, மோர், ரசம், எல்லாம் அதற்குள் அடக்கம். எங்கள் ஊர் வெயிலில் அரை லிட்டர் என்பது உதட்டை நனைக்கக்கூடக் காணாது. வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்புவான். கொப்பளித்ததை விழுங்கிவிடாமல் துப்புவதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அவன் எதிரே தண்ணீர் குடிக்கக் கூச்சப்பட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு வத்தல் மூடைகளுக்குப் பின்னால் போய்விடுவேன்.

ஒரு நாள் பார்த்துவிட்டான். "இங்கன உக்காந்தே குடிலே. நீ மறைஞ்சு குடிச்சா எனக்குத் தாகம் கொறைஞ்சிருமா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான் அவன் எதிரில் உட்கார்ந்து குடித்தேன். அவன் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த நாட்களில் எதற்குமே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதைத்தான் இதை எழுதுகிறபோது திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அழ வேண்டிய இடத்தில் அழவில்லை. காலையில் நடந்தேன், வடை தின்றேன், கடையைத் திறந்தேன், அவ்வளவுதான்.

தை மாதம் வத்தல் வரத்துத் தொடங்குகிற சமயம். ஒரு சனிக்கிழமை நான் தராசில் ஏறினேன். அண்ணன் எழுந்து வந்து முள்ளைப் பார்த்தான்.

"அப்படியே நிக்கே. என்னதாம்ல திங்கே?"

"தாள்ல போட்டிருக்கததாண்ணே திங்கேன்."

"தாளக் கொண்டா."

என்னிடம் ஒரு நகல் இருந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். என் கண்டுபிடிப்பை அவனுக்கும் விளக்கினேன். நடந்தது முந்நூறு, அதைத் தின்றது முந்நூறு, கழிவு போக ஆயிரத்து நானூறு. கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். அவன் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி ஒரு மூடை மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஏலே கிறுக்கா, சாக்குக்கு ரெண்டு தடவ கழிவு போட்டிருக்கியேல! நீ தெனமும் நடப்பேன்னு கழிச்சிட்டுத்தான அந்தப் பிள்ள ஆயிரத்து நானூறுன்னு போட்டிருக்கும். நீ நடந்தேன்னு இன்னொருக்கக் கழிக்கே. சம்சாரிகிட்ட இப்படி ஒரு மூடைக்குச் செஞ்சா ஒன்னய உரிச்சிர மாட்டான்?"

"அப்படி ஒண்ணும் அதுல எழுதலயே."

"போனப் போட்டுக் கேளு."

கடை போனிலிருந்தே மதுரைக்குப் பேசினேன். அந்தப் பெண்தான் எடுத்தாள். "ஆமா சார், நீங்க நடக்கிறதையும் சேர்த்துத்தான் போட்டிருக்கேன். நடந்தது உடம்புல உள்ளதக் கரைக்கிறதுக்கு சார். அதத் திரும்பச் சாப்பிட்டா எப்படிக் குறையும்?" என்றாள். "பின் பக்கம் சும்மா ஒரு தகவலுக்கு சார்." தகவலுக்கு. போனை வைத்தேன். முதலில் கோபம் அவள் மேல் வந்தது. பிறகு அந்தத் தாள் மேல், தீப்பெட்டி ஆபீஸ்காரர் மேல், வடை சுடுகிறவர் மேல். என் மேல் வருவதற்கு நாளாயிற்று.

அண்ணன் இதை வீட்டில் போய் வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறான். மறுநாள் நான் போனபோது மதினி வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னை ஏறிட்டுப் பார்த்தார்கள். "ஆறு மாசமா வடை தின்னீங்களா தம்பி?" என்று கேட்டார்கள். திட்டியிருக்கலாம். அரிவாள்மணையைத் தூக்கி எறிந்திருக்கலாம். அந்த ஒரு கேள்வியோடு திரும்பவும் கத்தரிக்காயை நறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் நின்றுவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, வந்தேன்.

தெரியாமல் செய்த தப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். என் மனைவிகூட, ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படித்தான் சொன்னாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இருபது வருஷம் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு இரட்டைக் கழிவு தெரியாமல் போகுமா? முள் நகரவில்லை என்று வாரா வாரம் பார்த்தேனே, ஒரு வாரமாவது போனை எடுத்துக் கேட்டேனா? எண்பத்தைந்துக்கு வந்துவிட்டால் மேசையில் படுக்க வேண்டும். வயிற்றைக் கிழிப்பார்கள். அந்த வடையை நான் பசிக்காக மட்டும் தின்றேனா என்று இன்றைக்கு வரைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. இதை நான் அண்ணனிடம் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நடந்தேன், தின்னவில்லை. தீப்பெட்டி ஆபீஸ்காரரோடு நடப்பதை விட்டுவிட்டேன். டீக்கடைக்கு முன்னாலேயே ரோட்டை மாற்றி, மில் பக்கமாகச் சுற்றி வருவேன். பத்து மணிக்குத் தலை வலிக்கும். வத்தல் நெடியில் வெறும் வயிறு புரட்டும். கடைக்கு வருகிறவர்கள் மேல் எரிந்து எரிந்து விழுந்தேன். மாசியில் தொண்ணூற்றொன்று. பங்குனியில் எண்பத்தெட்டு. சித்திரை கடைசிச் சனிக்கிழமை, வேட்டி சட்டைக்குக் கழிவு போடாமலேயே, எண்பத்தைந்துக்கு ஒரு இம்மி கீழே நின்றது முள். அண்ணன் கைதட்டினான். கை வீங்கியிருந்ததால் சத்தம் வரவில்லை.

வைகாசி முதல் வாரம் இரண்டு பேரும் மதுரைக்குப் போனோம். என்னை முழுக்கச் சோதித்து, எல்லாம் சரி என்றார்கள். பிறகு அண்ணனைச் சோதித்தார்கள். அதற்கு ரொம்ப நேரம் ஆனது. டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அண்ணனுடைய இருதயம் வீங்கிவிட்டது, மயக்க மருந்தை அது தாங்காது, இனி ஆபரேஷனைப் பற்றி யோசிக்க முடியாது, ரத்தம் சுத்தி செய்துகொண்டே பார்ப்போம் என்றார். "நாலஞ்சு மாசம் முன்னாடின்னா செஞ்சிருப்பேன்" என்று ஸ்கேன் படத்தைக் கவருக்குள் போட்டபடி சொன்னார். யாரையும் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. அவருக்கு வடை விஷயம் தெரியாது.

அண்ணன் அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தான். அந்த ஏழு மாதத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அன்றைக்கு ஊருக்குத் திரும்பியதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸில் அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும், "எறங்குலே" என்றான். இறங்கினோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து, எண்ணெய்ப் புரோட்டா போடுகிற ஒரு கடைக்குள் கூட்டிப் போனான். எண்ணெயில் பொரித்து எடுக்கிற புரோட்டா. ஒரு இலை போதும் என்று கடைக்காரரிடம் சொன்னான். நாலு புரோட்டா, சால்னா. எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளி வைத்தான்.

"சாப்பிடுலே. இனி நீ சாப்பிடலாம்லா."

அவன் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. பத்து மாதமாகத் தம்பி பட்டினி கிடக்கிறானே என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது. நான் புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் நனைத்து வாயில் வைத்தேன். தொண்டையில் இறங்காது என்று நினைத்தேன். இறங்கியது. ருசியாக இருந்தது. நாலையும் தின்றுவிட்டு, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இன்னும் இரண்டு கேட்டேன்.