மூன்று பேரும் வந்தால்தான் திறக்கும்

1. நெட் வரவில்லை என்று ஒரு போன்

முப்பது வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். "நெட் வரலை" என்று யாராவது போன் செய்தால் பெரும்பாலும் கோளாறு நெட்டில் இருக்காது. பிளக் கழன்றிருக்கும். இல்லாவிட்டால் புருஷன் பெண்டாட்டி சண்டையில் யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள். அடையாறில் நான் வருட ஒப்பந்தத்தில் பார்த்துவந்த ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டரிலிருந்து எஸ்தர் சிஸ்டர் கூப்பிட்டபோதும் அப்படி ஏதோ ஒன்று என்றுதான் கிளம்பிப் போனேன்.

பில்லிங் கம்ப்யூட்டர் ஓடியது, பிரிண்டரும் ஓடியது. சிஸ்டர் என்னை உள்ளே கூட்டிப் போனார். வரிசையாக மூன்று கட்டில், மூன்று ஆண்கள். பக்கத்தில் மெஷின் அவர்கள் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. மூன்று பேர் மடியிலும் ஆளுக்கொரு பழைய லேப்டாப்.

"இவங்களுக்கு கேம் கனெக்ட் ஆகலை மேடம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மந்தைவெளியிலிருந்து இந்த வெயிலில் வண்டி ஓட்டி வந்தது இதற்கா? "ஏன் சிஸ்டர், என்னைப் பார்த்தா வேலைவெட்டி இல்லாதவ மாதிரி தெரியுதா?" என்று கேட்டே விட்டேன்.

சிஸ்டர் கோபப்படவில்லை. வராந்தாவுக்கு இழுத்துப் போய் மெதுவாகச் சொன்னார். "கடைசி பெட் பையன் விக்கி, கொட்டிவாக்கம். முப்பது வயசு கூட ஆகலை. போன வாரம் வரவே மாட்டேன்னுட்டான். மூச்சு முட்டி ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டு வந்தாங்க. இனிமே என்னை விட்டுடுங்கன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டான். மொத பெட் தேவாதான் கேம் ஆடலாம் வாடான்னு பேசிப் பேசி இன்னிக்கு வரவெச்சாரு. இது ஓடலைன்னா அடுத்த தடவை வரமாட்டான் மேடம்."

வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம். அதைத் தொடர்ந்து தவறவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார். அது எனக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு பையைத் திறந்தேன்.

2. வலது கை மட்டும்

கேம் ரொம்பப் பழையது. மரம் வெட்டி, கோட்டை கட்டி, படை திரட்டி அடுத்தவன் ஊரை அடிக்க வேண்டும். ஒரு மெஷினில் ஆட்டத்தை ஆரம்பித்தால் அதே நெட்வொர்க்கில் இருக்கும் மற்ற மெஷின்களின் லிஸ்டில் அது தெரிய வேண்டும். இங்கே லிஸ்ட் காலியாக இருந்தது. பிங் அடித்துப் பார்த்தேன். ஒரு லேப்டாப் கூப்பிட்டால் இன்னொன்று பதிலே சொல்லவில்லை.

காரணம் புரிந்துவிட்டது. நோயாளிகளுக்கான வைஃபை அது. நெட் கொடுக்கும், ஆனால் ஒருவர் மெஷினை இன்னொருவர் பார்க்க விடாது. பாதுகாப்புக்காக அந்த ஏற்பாட்டைச் செய்ததே நான்தான். அதில் கை வைக்காமல், வண்டியில் கிடந்த, கம்ப்யூட்டர்களைக் கேபிளில் இணைக்கும் சின்ன ஸ்விட்ச்சை எடுத்து வந்து மூன்றுக்கும் கேபிள் இழுத்தேன். டியூப் எதிலும் மாட்டிக்கொள்ளாதபடி சுவரோரமாக டேப் ஒட்டினேன். காவலாளி மாதிரி நிற்கும் பயர்வாலில் கேமுக்கு அனுமதி கொடுத்தேன்.

விக்கியும் தேவாவும் சேர்ந்துவிட்டார்கள். நடு பெட் அண்ணாச்சி மட்டும் உள்ளே நுழைய முடியவில்லை. அவர் தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், திருநெல்வேலிப் பக்கம். அவருடைய காப்பி வேறு வெர்ஷன்.

"ஏம்மா, நான் பர்மா பஜார்ல காசு குடுத்துல்லா வாங்குனேன்?"

"அதுனாலதான் அண்ணாச்சி வரலை," என்று சொல்லிவிட்டு, விக்கியின் ஃபோல்டரையே அவர் மெஷினில் போட்டேன்.

தேவா ஆட்டோ ஓட்டியவர். ஆற்றோரக் குடிசைகளை அரசாங்கம் இடித்தபோது, ஊருக்கு வெளியே வீடு கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ரெண்டு பஸ் மாறி வருவார். அவர் மடியில் இருந்தது அண்ணாச்சி கடையில் ஒதுக்கிப் போட்ட லேப்டாப்.

"யக்கா, சூப்பரா கீது. இப்ப பாரு, அண்ணாச்சி ஊரையே கொளுத்தறேன்."

"ஏலே, மொதல்ல உன் வீட்டுக்கு ஒரு சுவரு கட்டுலே!"

மூன்று பேருக்கும் இடது கையில் ஊசி. அதை அசைக்கக் கூடாது. வலது கையில் மௌஸை மட்டும் வைத்து ஆடினார்கள். விக்கியின் கண் ஸ்கிரீனை விட்டு நகரவில்லை.

3. சேவ்

நாலு மணி நேரத்தில் ஆட்டம் முடியாது. சேவ் செய்துவிட்டுப் போவார்கள். அந்தக் கேமில் ஒரு சங்கடம் உண்டு. சேவ் செய்ததைத் திரும்பத் திறக்க வேண்டுமானால் அன்று ஆடிய அத்தனை பேரும் அதே பெயரில் வந்து சேர வேண்டும். ஒருவர் குறைந்தாலும் திறக்காது, காத்துக்கொண்டே நிற்கும்.

ஆடுகிறவர்களுக்கு எரிச்சல் தரும் இந்த விஷயம் சிஸ்டருக்கு வரமாகிவிட்டது. திங்கள், புதன், வெள்ளி காலையில் பஸ்ஸில் நின்றபடியே தேவா போன் போடுவாராம். "நைனா, கெளம்பிட்டியா? நீ வரலன்னா எனுக்கும் அண்ணாச்சிக்கும் ஆட்டமே இல்ல, தெரியும்ல?" விக்கி திட்டிக்கொண்டே வந்து சேருவான். மழை பெய்து வேளச்சேரி ரோடு மிதந்த அன்றும் வந்தானாம்.

4. பேர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவா வீட்டிலேயே நெஞ்சடைத்துப் போய்விட்டார். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் வரும் இரண்டு நாள் இடைவெளி அவர்களுக்கு எப்போதும் ஆபத்து என்று சிஸ்டர் சொன்னார்.

திங்கள் காலை எனக்குப் போன். "விக்கி வந்திருக்கான் மேடம். ஆனா ஊசி குத்த விடலை. கேம் தொறக்கட்டும், அப்புறம் பாக்கலாம்னு உக்காந்திருக்கான்."

போனேன். எனக்கு அது பெரிய வேலை இல்லை. தேவாவின் லேப்டாப் சென்டர் பீரோவில்தான் இருந்தது. கேபிளைச் செருகி, அவர் பெயரில் உள்ளே நுழைந்தேன். மூன்று பெயரும் சேர்ந்ததும் ஆட்டம் திறந்துகொண்டது. தேவாவின் ஆட்கள், அவர் வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டுப் போனபடி மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, தொறந்துடுச்சு," என்று பெருமையாக வேறு சொன்னேன்.

விக்கி ஸ்கிரீனில் தேவாவின் பெயரை விரலால் தொட்டான். "தேவாண்ணா இல்லாமயே தொறக்குது."

"மெஷினுக்குப் பேர்தான்பா தெரியும். ஆள் இருக்காரா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ நான் வரலன்னாலும் என் பேரைப் போட்டாத் தொறந்துடும்ல மேடம்?"

அவனை இத்தனை நாள் இழுத்துப் பிடித்திருந்த ஒரே கயிற்றை நானே அறுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அண்ணாச்சி ஊசி குத்தியிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற கையால் தன் லேப்டாப்பை மூடினார். "பேரு கூட நான் எப்படிலே சண்ட போடுவேன்? மேடம், அத அழிச்சிருங்க. எங்க ரெண்டு பேருக்கும் புதுசா ஒண்ணு போடுங்க." அவர் குரல் உடைந்திருந்தது. நானும் அழுதேன். அழுதுகொண்டே அழித்தேன்.

விக்கி அன்று கையை நீட்டினான். வேண்டா வெறுப்பாகத்தான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு கோளாறைச் சரிசெய்யும் முன், அந்தக் கோளாறை நம்பி யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை கேளுங்கள். எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

5. புதன்கிழமை

புதன் காலை அண்ணாச்சி பெட்டிலிருந்தே கூப்பிட்டார். "அவன் வரல மேடம். கேட்டா, என் பேரப் போட்டு ஆடிக்கோங்கங்கான். இது புது மாதிரி சேவு, மேடத்தாலயே தொறக்க முடியலன்னு சொல்லிட்டேன். உங்களக் கேப்பான். முடியாதுன்னு சொல்லிருங்கம்மா, புண்ணியமாப் போவும்."

கஸ்டமரிடம் முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. "பாக்கலாம்" என்றுதான் சொல்லுவோம். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் விக்கியின் போன் வந்துவிட்டது.

"மேடம், அண்ணாச்சி சொல்றது நிஜமா?"

"நிஜந்தான். புது சேவ் மெஷினோட அட்ரஸையும் பாக்குது. உன் லேப்டாப் இருந்தாத்தான் தொறக்கும்."

அவன் உடம்பு கெடுவதற்கு முன் ஒரு கம்பெனியில் சிஸ்டம் சப்போர்ட்டில் இருந்தவன். என் கதையை ஒரு நொடியில் பிரித்துப் போட்டுவிட்டான்.

"அப்போ லேப்டாப்பை மட்டும் அம்மாகிட்ட குடுத்து அனுப்பறேன் மேடம்."

முப்பது வருட அனுபவத்தில் இன்னொரு பொய்யைத் தேடுவதை விட்டுவிட்டேன்.

"வேணாம்பா," என்றேன். "நீ வா."

"அண்ணாச்சி எவ்ளோ நேரம் வெயிட் பண்ணுவாரு?"

"ஊசி குத்திட்டாங்க. நாலு மணி நேரம் அவரால எங்கயும் எழுந்து போக முடியாது."

"சரி, வரேன்," என்றான்.

அன்று போனான். வெள்ளிக்கிழமை என்ன செய்வான் என்று அண்ணாச்சியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.