பதினொன்றாம் கட்டிலும் என் மாங்காய் ஊறுகாயும்

புழுங்கலரிசி உலையில் கொதிக்கும்போது ஒரு வாசனை வருமே... நமக்கு அது வீட்டு வாசனை. மேற்கு வார்டில் படுத்திருந்த சீனர்களுக்கு அது நனைந்த சாக்கு வாசனை. பகல் பதினோரு மணிக்கு அந்த ஆவி உள்ளே நுழைந்ததும் பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார்கள்.

நண்பர்களே, இந்த நூற்றாண்டு பிறந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. நான் சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். புண் கட்டுவது, மருந்து கொடுப்பது, வெள்ளைக்கார டாக்டர் துரை சொல்வதை எழுதி வைப்பது என் வேலை. எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பேன்... பார்த்த பிறகும் சந்தேகப்படுவேன். இப்போது எழுதப்போவதில் மட்டும் எனக்குச் சந்தேகம் கிடையாது.

அப்போது எங்கள் வார்டுகளை நிறைத்தது பெரிபெரி. கால் மரத்துப்போகும், வீங்கும். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். கடைசியில் இருதயம் நின்றுவிடும். கிருமி என்றார்கள் சிலர், ஈரத் தரை என்றார்கள் சிலர். துரைக்கு வேறு எண்ணம். வெள்ளை அரிசி சாப்பிடும் சீனர்களுக்கு வருகிறது... புழுங்கலரிசி சாப்பிடும் தமிழர்களுக்கு ஏன் வருவதில்லை?

அதனால் கிழக்கு வார்டுக்கு வெள்ளை அரிசி, மேற்கு வார்டுக்குப் புழுங்கலரிசி. மருந்து இரண்டுக்கும் ஒன்றுதான். திங்கட்கிழமை தோறும் நான் ரப்பர்ச் சுத்தியலால் ஒவ்வொருவர் முழங்காலுக்குக் கீழேயும் தட்ட வேண்டும். கால் உதைத்தால் ஒன்று, உதைக்காவிட்டால் சைபர்.

மேற்கு வார்டில் ஒன்றுகள் வரத் தொடங்கின. கிழக்கு வார்டில் வரிசையாகச் சைபர்தான்.

அங்கே பதினொன்றாம் கட்டிலில் ஆ சூன் என்ற ரிக்‌ஷாக்காரர் இருந்தார். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலோரம்தான் நான் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பேன். தைப்பூசத்துக்கு மறுநாள், அவர் என் ஊறுகாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறர் பார்த்திருக்கத் தின்னக் கூடாது என்று வளர்த்த உடம்பு இது. ஊறுகாயை மட்டும் எப்படிக் கொடுப்பது? பாதிச் சோற்றை ஓர் இலையில் போட்டு, மேலே ஊறுகாயை வைத்துக் கொடுத்தேன். முதல் வாயில் “பூசோக்!” என்று மூக்கைச் சுளித்தார். மலாயில் நாற்றமாம். பிறகு இலையை வழித்துவிட்டு, நாளைக்கும் உண்டா என்று கையாலேயே கேட்டார்.

உண்டு என்றேன். தினமும் கொடுத்தேன்.

என் தூக்கில் இருந்தது புழுங்கலரிசிச் சோறு என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நோட்டில் இருந்த கட்டம் ‘வார்டு உணவு’. நான் கொடுத்தது உணவு என்றே எனக்குத் தோன்றவில்லை... அது மரியாதை.

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை தட்டினேன். ஆ சூன் கால் உதைத்தது. அடுத்த வாரம் எழுந்து நடந்தார்.

துரை நோட்டைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “வெள்ளை அரிசியிலேயே ஒருவன் குணமாகிவிட்டான். நான் நினைத்தது தப்பு. வெள்ளிக்கிழமை மேலதிகாரிகளுக்கு எழுதிவிட்டு இந்தச் சோதனையை நிறுத்திவிடலாம்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் தின்றது வெறும் வெள்ளை அரிசி இல்லையே!

சமையற்கட்டுக்குப் போய்க் காதர் நானாவிடம் சொன்னேன். நாகூர்க்காரர், எங்கள் தலைமைச் சமையல்காரர்.

“ஓய் டிரஸ்ஸரே, உமக்குப் பைத்தியமா? சொன்னா வேலை போயிரும். வாயை மூடிட்டு இரும்.”

“சொல்லாட்டி எல்லாரும் வெள்ளை அரிசியே தின்பாங்களே நானா...”

“புண்ணைத் தொடவே நாலு தடவ யோசிக்கிற ஆளு நீரு! துரை முன்னாடி எப்படிய்யா பேசுவீரு?”

பேசத்தான் முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை துரையின் மேசை மேல் தூக்கை வைத்துத் திறந்தேன். “சார்... பதினொன்றாம் கட்டில் சாப்பிட்டது இதை.”

அவர் சோற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் சிவந்தது. “எத்தனை நாளாக?”

“தைப்பூசத்துக்கு மறுநாளிலிருந்து, சார். என் ஞாயிறு லீவு தவிர தினமும்.”

நோட்டைப் புரட்டினார். விரல் ஒவ்வொரு திங்களாக இறங்கியது. சைபர், சைபர், சைபர்... ஒன்று. மறுபடி மேலே போய் எண்ணினார். நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த நேரமும் போகச் சொல்வார் என்று.

“இவனைக் கணக்கில் சேர்க்க முடியாது,” என்று ஆ சூன் பெயரின் மேல் கோடு போட்டார். எழுதி வைத்திருந்த கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். “கிழக்கு வார்டுக்கும் நாளையிலிருந்து உன் அரிசி. நீ இனி வெளியே மரத்தடியில் சாப்பிடு.”

வேலை போகவில்லை. நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போடச் சொன்னார். ‘பிறர் கொடுத்தது.’ முதல் தடவையிலேயே நேராகக் கோடு இழுத்தேன்.

ஒவ்வொரு திங்களாகக் கிழக்கு வார்டிலும் ஒன்றுகள் வந்தன. எல்லாருக்கும் இல்லை. இருதயம் கெட்டவர்கள் இருவர் போய்விட்டார்கள். நான் முன்பே சொல்லியிருந்தால் என்று இன்றும் நினைப்பேன்...

வெளியே போன ஆ சூன் ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் ரிக்‌ஷாவோடு நின்றார். முழங்காலைத் தட்டிக் காட்டி, “காக்கி பாயிக், துவான்!” என்றார். கால் நன்றாக இருக்கிறதாம். என்னை ஏற்றிக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் என் அறை வரைக்கும் ஓடினார். நான் கடைகளைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது பெரிபெரிக்கு மாத்திரை வந்துவிட்டது. மருந்துக்கடையில் குப்பியில் கிடைக்கிறது. வாசனையே இல்லை, யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை. என் மகள் வயிற்றுப் பேரன் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் படிக்கிறான். போன வாரம் அச்சடித்த நோயாளித் தாள் ஒன்றைக் காட்டினான். எத்தனையோ கட்டங்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினேன்.

“என்ன தாத்தா தேடுறீங்க?”

கடைசி வரியில் இருந்தது... வெளியிலிருந்து வந்த உணவு.

“ஒண்ணுமில்லப்பா. இதை மட்டும் காலியா விட்டுடாதே. கேட்டு எழுது.”