கோபுரம் என்ற குட்டைக்கால் நாயும் இரண்டு மீசைகளும்

10.3.1998 – குமுளி, நாய்க்குட்டி ஒன்று: ரூ. 1,500
11.3.1998 – பெரிய நாய்க்கான கழுத்துப்பட்டை: ரூ. 60
ஏப்ரல் முதல் டிசம்பர் வரை – முட்டை: ரூ. 412
18.1.1999 – மீசை மழித்த கூலி: ரூ. 5

ஓடைப்பட்டித் திராட்சை விவசாயி குருசாமி, தன் நாய் உயரமாக வளரும் என்று நம்பிச் செய்த செலவு இது. கடைசி ஐந்து ரூபாய் மட்டும், அது வளராததற்கு.

குருசாமி குள்ளமான ஆள். திராட்சைப் பந்தலுக்குள் குனியாமல் நடக்கிற ஒரே ஆண்பிள்ளை என்று ஊர் கேலி பேசும். அதை ஈடுகட்டத்தான் மீசையைக் காது வரை வளர்த்திருந்தார். நாயாவது உயரமாக இருக்கட்டும் என்றும் ஆசைப்பட்டார். கோம்பை நாய் பிறந்த சீமையில் நாய்க்கு மதிப்பே உயரத்தில்தான். குட்டியின் பாதம் பெரிதாக இருந்தால் நாய் நெடுநெடுவென்று வளரும் என்பார்கள். குமுளிக்கு மேலே ஏலத்தோட்ட மேலாளராக இருந்த இம்மானுவேல், "ஜெர்மனி ரகம், வேட்டை நாய்" என்று காட்டிய குட்டிக்கு முன்பாதம் இரண்டும் அகலமாக இருந்தன. குருசாமி வேறெதுவும் கேட்கவில்லை. வீடு வந்து சேருமுன் கோபுரம் என்று பெயரும் வைத்துவிட்டார்.

பக்கத்துத் தோட்டத்துப் பால்பாண்டியிடம் அசல் கோம்பை நாயும் முறுக்கிவிட்ட மீசையும் இருந்தன. "பொங்கலுக்குள்ள என் கோபுரம் உன் நாயத் தாண்டலைன்னா மீசைய எடுத்துர்றேன்" என்று டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்தார் குருசாமி.

பந்தலின் கல்தூணில் வாராவாரம் சுண்ணாம்பால் உயரத்தைக் குறித்தார். நாய் ஒரு சாணில் நின்றுவிட்டது. ஒரே இடத்தில் குறித்துக் குறித்துத் தூணில் சுண்ணாம்புதான் புடைத்தது. உடம்பு மட்டும் பின்பக்கமாக நீண்டுகொண்டே போனது.

"மாமா, படுக்க வச்சு அளந்து பாருங்க," என்றார் பால்பாண்டி. "கோபுரம் சாஞ்சுல்ல கெடக்கு."

கால் எப்போது வளரும் என்று கேட்டு இம்மானுவேலுக்கு மூன்று கடிதம் போட்டார் குருசாமி. அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போயிருந்ததால் பதில் வரவில்லை. பொங்கல் வந்தது, மீசை போனது. ஒரு மாதம் பல்வலி என்று சொல்லித் துண்டால் வாயை மூடித் திரிந்தார். "இப்பத்தான் மூஞ்சி தெரியுது. நல்லாத்தான் இருக்கீக" என்று மனைவி சோணையம்மாள் சொன்னது, ஊர்க் கேலியைவிட அதிகமாகச் சுட்டது.

அந்த ஜூலையில், காய் திரளும் நேரம், பால்பாண்டியின் கொடிகளுக்கடியில் பெருச்சாளி வளை தோண்டியது. வேர் அந்தரத்தில் தொங்க, கொடி கொடியாக வாடியது. கோம்பை நாய் வளை வாயில் நின்று குரைத்ததே தவிர, தலையைத் தாண்டி அதன் உடம்பு உள்ளே நுழையவில்லை. குருசாமி தோட்டத்திலோ ஒரு வளைகூட மிஞ்சவில்லை. கோபுரம் மண்ணைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு முழு உடம்போடு உள்ளே போய்விடும்.

பால்பாண்டி வந்து நின்றார்.

"மாமா, ஒரு வாரத்துக்கு நாயத் தாங்க."

"எந்த நாய மாப்ள?"

"கோபுரத்தத்தான்."

"அது சாஞ்சுல்ல கெடக்கு."

"வெள்ளாமை போகுது மாமா. என்ன வேணும்னு சொல்லுங்க."

பாதி வளர்ந்திருந்த மீசையைத் தடவினார் குருசாமி. "எனக்கென்ன வேணும்? நீ சலூனுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வா. கூலிய நான் குடுக்கேன்."

பால்பாண்டி மழித்த முகத்தோடு திரும்பி வந்தார். கோபுரம் வளைக்குள் இறங்கியது, வாலும் மறைந்தது. சற்று நேரத்தில் காலுக்கடியிலிருந்து பெரிய நாய் ஒன்றின் குரல் போலக் குரைப்பு கேட்டது. "இங்கன வெட்டு" என்று குருசாமி காட்டிய இடத்தில் மண்வெட்டி விழ, பெருச்சாளி அகப்பட்டது. வாரம் முழுக்க இதே வேலை. மிச்சக் கொடிகள் பிழைத்தன. "இப்படி நாய் இன்னும் ரெண்டு வாங்குங்க, நானும் பொழச்சுக்கிருவேன்" என்றார் சலூன்காரர் முத்துராஜா.

குருசாமியின் மீசை மறுபடி காதைத் தொட்ட பிறகு இம்மானுவேலின் பதில் வந்தது. மூன்று கடிதங்களும் சுற்றிச் சுற்றி அப்போதுதான் கைக்குக் கிடைத்தனவாம். வளைக்குள் பதுங்கும் விலங்கைப் பிடிப்பதற்கென்றே ஜெர்மனிக்காரர்கள் சில நூறு வருடமாக வளர்த்த ரகம் இது. குட்டைக்கால் நுழைய, அகலப் பாதம் தோண்ட, ஆழமான நெஞ்சு மேலே நிற்பவனுக்குக் குரல் எட்ட. கால் இதற்குமேல் வளராது. ஏமாற்றமாக இருந்தால் நாயைத் திருப்பி அனுப்பலாம், பணத்தைத் தந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார்.

குருசாமி காலடியில் கிடந்த கோபுரத்தைப் பார்த்தார். "எப்பா, இந்தக் காயிதம் எனக்கு வந்து சேரலைன்னு வச்சுக்கிரு" என்று தபால்காரரிடம் சொன்னார். அப்படியெல்லாம் வைத்துக்கொள்ள வழியில்லை, உறையில் ஓடைப்பட்டித் தபால் நிலையத்தில் வந்து சேர்ந்த முத்திரை இருந்தது: 22.11.2000.