அருவிக்குக் கட்டிய நெய்ச்சோறு

போன வாரம் பேத்தி சல்மா கைப்பேசியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கல்யாணமாகி ஆறு மாதம். புருஷனோடு சனி ஞாயிறு எங்காவது போய்வர வேண்டுமாம். 'மழைக்காட்டு அருவிக்குப் பக்கத்தில், தம்பதிகளுக்கு அமைதியான தங்குமிடம், ஹலால் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம்' என்று அதில் போட்டிருந்தது.

"நன்னா, ஒங்க காலத்துல இதெல்லாம் ஏது லா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே அருவி, இதே இரண்டு நாள், இதே ஹலால் கவலை என்று வெள்ளைக்காரன் ஆண்டபோது இங்கே போட்ட எமர்ஜென்சி காலத்திலேயே திட்டம் போட்டவன் நான். என்ன, அப்போது கைப்பேசி கிடையாது; காட்டுக்குள் கம்யூனிஸ்டுத் துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள்.

அடுக்களையில் மகள் நெய்யில் ரம்பை இலையைப் போட்டிருந்தாள். அந்த வாசனை எழுந்தால் மைமூனின் ஞாபகம் வராமல் போகாது. மைமூன் என் மனைவி. பினாங்குக் கடற்காற்றில் வளர்ந்தவள். நானோ மலைமேல் இருக்கிற தானா ராத்தா டவுனில், நம்மவர் சாப்பாட்டுக் கடையொன்றில் தேத்தண்ணி கலக்குகிறவன். கல்யாணமாகி மலைக்கு வந்த நாள் முதல் அவள் இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். கேட்டால் "குளுருது" என்பாள். எனக்கும் அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை.

மூன்றாம் மாதம் அவள் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. தங்கைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். திங்கட்கிழமை கான்வாயில் வந்து கூட்டிப்போகிறாராம். அந்த நாளில் அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலைக்கு வண்டிகள் தனித்தனியாக ஏறாது. முன்னும் பின்னும் பட்டாளம் வர, வரிசையாகத்தான் ஏறும். அப்படிச் சிரமப்பட்டு ஒருவர் வந்து கூட்டிப்போனால் அது எட்டு நாள் விருந்துக்காகவா இருக்கும்? எப்போது திருப்பி அனுப்புவார் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. அன்று சீனி போடாமலே எத்தனை பேருக்குத் தேத்தண்ணி கொடுத்தேனோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

"அவ போனா நீயும் பின்னாடியே பினாங்குக்கு ஓடிருவ. தேத்தண்ணிக்கு நான் யாரத் தேடுவேன்? சனி ஞாயிறு லீவு தர்றேன். எங்கயாச்சும் கூட்டிட்டுப் போய்ச் சந்தோஷமா வச்சுக்க."

என்னைவிடத் தேத்தண்ணிமேல்தான் அவருக்குப் பிரியம். இருந்தாலும் லீவு லீவுதானே. சனிக்கிழமை டவுனுக்குக் கீழே இருக்கிற சின்ன அருவி, ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்துக்குள், காட்டை ஒட்டி விழுகிற பெரிய அருவி என்று திட்டம் போட்டேன். வெள்ளைக்காரர்கள் தங்குகிற பங்களா இருந்தது. அதன் வாசலைத் தாண்டினாலே பன்றி இறைச்சி வாசனை. ஆகவே தூக்கம் நம் வீட்டில்தான். சாப்பாடு? அதற்குத்தான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற அந்தோணி கிராணியைப் பிடித்தேன். மாதாகோயில் முடிந்ததும் எங்கள் கடையில் ரொட்டி தின்ன வருகிற நல்ல மனிதர்.

"கேட்டுல நான் சொல்லி வைக்கிறேன், ரெண்டு பேரும் தாராளமா வாங்க. ஆனா சோறு மட்டும் கூடாது லா, ஒரு புடிகூடக் கூடாது. காட்டுல இருக்குறவனுக்குக் கொண்டு போறேன்னு போலீசுக்காரன் உள்ள தூக்கி வச்சிருவான். என் வீட்டுல நீங்க கை நனைக்க மாட்டீங்கன்னு தெரியும். வாழைப்பழம் இருக்கு. தேத்தண்ணிக்குப் புதுக் கப்பு ரெண்டு வாங்கி, யாரும் தொடாம வச்சிருக்கேன்."

அந்த இரண்டு கப்புக்காக அவரை நான் கடைசிவரை மறக்கவில்லை. சல்மா கைப்பேசியில் காட்டிய தங்குமிடத்தில் அந்த மாதிரி ஒரு ஏற்பாடு இருக்குமா, தெரியவில்லை.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. மைமூன் கம்பளியை விட்டு வெளியே வரவில்லை. ஒரு நாள் போச்சு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆண்டவன் கிருபையில் வெயில் அடித்தது. தலைக்குட்டை போட்டு, கையில் ஒரு கூடையோடு அவள் கிளம்பினாள். கூடைமேல் துண்டுகள் இருந்தன. குளிக்கத்தானே போகிறோம், துண்டு இல்லாமல் எப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்து கேட்டில் முள்கம்பி வேலி, மூங்கில் தடுப்பு. ஒரு மலாய் கான்ஸ்டபிளும், பெண்களைச் சோதிக்க ஓர் அம்மாளும் இருந்தார்கள். அந்த அம்மாள் துண்டுகளைத் தூக்கியதும் அடியில் மூன்றடுக்கு டிபன் கேரியர். மூடியைத் திறந்தாள். நெய்ச்சோறு, கோழிக் குருமா, தால்ச்சா.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "சோறு கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மைமூன்!"

"சோறு கட்டாம யாராச்சும் அருவிக்குப் போவாங்களா மச்சான்? எங்க பினாங்குல தண்ணிமலை அருவிக்குப் போறவங்க அண்டாவோட போவாங்க. சும்மா பயங்காட்டுறீங்கன்னு நெனச்சேன்." சொல்லும்போதே அவள் முகம் வெளுத்துவிட்டது. கம்பியையும் துப்பாக்கியையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள் போலும்.

கான்ஸ்டபிள் குனிந்து குருமாவைப் பார்த்தார். தலையை ஆட்டி, "தா போலே" என்றார். கூடாது என்றால் கூடாதுதான். கொட்டிவிட்டுப் போ, இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்பு. வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் கேட்டை மூடிவிடுவார்கள். சோற்றைக் கொட்டவோ மைமூன் சம்மதிக்கமாட்டாள். திங்கட்கிழமைக் கான்வாய் என் கண்முன்னே மலையேறி வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மைமூன் பினாங்கு மலாயில் கேட்டாள்: "வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு போனால் சட்டம் ஒப்புக்கொள்ளுமா?"

கான்ஸ்டபிள் சோதிக்கிற அம்மாளைப் பார்த்தார். அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வயிற்றைச் சோதிக்கச் சொல்லி எந்தத் துரையும் உத்தரவு போடவில்லையாம்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் புல்லில் துண்டை விரித்தாள் மைமூன். பார்த்தவர்களுக்குக் கொடுக்காமல் தின்னக்கூடாது என்று அவர்கள் இருவருக்கும் மூடியில் வைத்துக் கொடுத்தாள். பிறகு எனக்கு. நான் ஒரு வாய் வைத்தேன். அப்படி ஒரு நெய்ச்சோறு நான் அதுவரை தின்றதில்லை, சத்தியமாக.

"இவ்வளவு நல்லா ஆக்குவியா புள்ள? சொல்லவே இல்ல!"

அவள் கை நின்றுவிட்டது. "மூணு மாசமா என் கையால ஒரு வாய் தின்னீங்களா? காலையில கடை, மத்தியானம் கடை, ராத்திரி கடை. தனியா ஆக்கி, தனியா தின்னு... அதுக்குத்தான் பினாங்குலேந்து வந்தனா?"

சாப்பாட்டுக் கடை ஆள் கடையில் சாப்பிடுவதுதானே வழக்கம். எங்களில் முக்கால்வாசிப் பேர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். கடைச் சோறுதான் எங்களுக்குக் கதி. நானும் அதைக் கொஞ்சமும் யோசிக்காமல் தொடர்ந்தேன். பெண்டாட்டிக்கு அடுப்பு வேலையைக் குறைத்துக் கொடுக்கிற உத்தம புருஷன் என்ற பெருமை வேறு. குளிர் என்று அவள் சொன்னது இதைத்தான் என்று விளங்கியபோது எனக்கு வெட்கமாக இருந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. அதைக் குருமாவின் காரம் என்று சமாளித்தேன். அவள் நம்பவில்லை. வந்த மூன்று மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

வயிறு முட்டத் தின்றுவிட்டு நடந்ததில் அருவிக்குப் போய்ச்சேரவே வெகுநேரம் ஆயிற்று. கால்மணி நேரம் காலை நனைத்தோம். திரும்பும்போது கிராணி வீட்டில் புதுக் கப்பில் தேத்தண்ணி. கலக்கியது சுமார்தான், ஆனாலும் இரண்டாவது கப்பும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

திங்கட்கிழமை அண்ணன் வந்தார். வீட்டில் இலை போட்டு எங்கள் இருவருக்கும் பரிமாறிக்கொண்டே மைமூன் அண்ணனிடம் சொன்னாள்: "நானா, நான் வரல. இவங்களுக்கு யாரு ஆக்கிப்போடுவா?"

அன்றிலிருந்து மத்தியானம் ஒரு மணிக்குக் கடையை விட்டு இறங்கிவிடுவேன். "மாப்பிள்ளைக்கு நம்ம கறி எறங்கல" என்று முதலாளி கிண்டல் செய்வார். செய்துகொள்ளட்டுமே. குளிரைத் திட்டிக்கொண்டே மைமூன் ஐம்பது வருடத்துக்கும் மேல் இந்த மலையில் எனக்குச் சோறு போட்டாள்.

இப்போது அந்த கேட் இல்லை, முள்கம்பி இல்லை. அண்டா நிறையச் சோற்றைச் சுமந்துகொண்டு எந்த அருவிக்கும் போகலாம். யாரும் மூடியைத் திறந்து பார்க்க மாட்டார்கள். அந்தோணி கிராணி போய்விட்டார். மைமூன் போய் மூன்று வருடம் ஆகிறது. முதலாளிக்குப் பிறகு கடையை நான் எடுத்து நடத்தினேன். இப்போது மருமகன் நடத்துகிறான். பொழுது போகவேண்டுமே என்று தினமும் போய் உட்காருகிறேன். ஒரு மணி ஆனால் மருமகன் தட்டை வைத்து, "இங்கயே சாப்டுருங்க மாமா" என்கிறான். நல்ல பிள்ளை. அங்கேயே சாப்பிட்டுவிடுகிறேன்.