நனைந்த விளக்குமாறு

பூட்டிக் கிடந்த அறை எதுவானாலும் கதவைத் திறந்ததும் உள்ளே நுழைய மாட்டாள். சன்னல்களை வெளியிலிருந்தே தள்ளிவிட்டு, காற்று ஒரு சுற்று சுற்றி வரட்டும் என்று நிற்பாள். பிறகு எலிப்புழுக்கை கிடக்கும் இடமெல்லாம் வாளியிலிருந்து பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, துணியால் வழித்தெடுப்பாள். விதைக் கிடங்கில் அவளுக்கு ‘வாளியக்கா’ என்றே பெயர்.

“எலியைக் குளிப்பாட்டி விடறியாக்கா?” என்பான் மூட்டை தூக்குகிறவன்.

“சிரிடா. சிரிக்க உனக்கு மூச்சு இருக்குல்ல.”

மூச்சில்லாமல் போனவன் அவள் தம்பி. அவர்கள் அப்பா வழியில் எல்லாருக்குமே உலக்கை மாதிரி உடம்பு; தலைவலி என்று படுத்தவர்கள் கிடையாது. போன அறுவடை முடிந்து வயலெலிகள் பின்னறைக்குக் குடிவந்தபோது, பெருக்க அவனைத்தான் அனுப்பினார் மேலாளர். முற்றத்தில் காயும் விதையில் தூசி படியக் கூடாதாம். கதவு சன்னலையெல்லாம் சாத்தச் சொன்னார். மாவு மில்லிலிருந்து வந்தவன் போல வெளியே வந்தான். சில வாரம் கழித்துக் காய்ச்சல், இடுப்பு வலி, அப்புறம் மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவன் நடந்து வரவில்லை.

டாக்டர் சொன்னதை அவள் இப்படிச் சொல்வாள்: “அது ஒரு வைரஸாம். எலிங்க பங்காளி மாதிரி கடிச்சுக்கிட்டு ஒண்ணுக்கொண்ணு கொடுத்துக்குமாம். அதுகளுக்கு ஒண்ணும் ஆகாது. மூத்திரமும் புழுக்கையும் காய்ஞ்சு தூசியாகி நம்ம நெஞ்சுக்குள்ள போனா, எமன் நமக்கு.”

மேலாளர், பீடியால் வந்த நோய் என்றார்.

“பீடியே தொடாத பிள்ளைக்குப் பீடி நோயாம்! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்.”

இந்த அறுவடையும் முடிந்தது. அதே பின்னறை. விளக்குமாறு இப்போது தம்பி பெண்டாட்டியின் கையில்.

“சாயங்காலம் மூட்டை வருது. தரையில ஈரம் பட்டா விதை முளைச்சிடும். கதவைச் சாத்திக்கிட்டுக் கூட்டும்மா,” என்றார் மேலாளர்.

“விதை முளைச்சா வேற விதை வாங்கலாம். என் தம்பி முளைப்பானாய்யா?”

“விடுங்க அண்ணி, வேலை போயிடும்,” என்று முனகினாள் அந்தப் பெண்.

வாளியக்கா எட்டி, அவள் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கினாள். சுவரில் சாத்தியிருந்தவற்றையும் அள்ளி வந்து, அத்தனையையும் வாளியில் அமுக்கினாள். பிறகு பின்னறை வாசற்படியில், நிலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்தாள்.