கொடியில் காயும் கணவன்

உங்கள் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. ஒரு பெண் தனியாக வந்து வாடகைக்குக் கேட்கிறாள். நிரந்தர வேலை இருக்கிறது, முன்பணம் கையில் இருக்கிறது, பேச்சில் பணிவும் இருக்கிறது. அவளிடம் நீங்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி எது? யாரும் பார்க்கவில்லை, உங்களுக்குள்ளேயே நேர்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

சமீஹாவிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"புருஷன் எங்கே?"

கெய்ரோவின் மேற்கு ஓரத்தில், ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் அர்த் எல்-லிவா. ஒரு காலத்தில் வயலாக இருந்த மண்ணில் பூசாத செங்கல் கட்டடங்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. எதிர் வீட்டில் வெங்காயம் வதக்கினால் இந்த வீட்டில் கண் எரியும். நகரத்துக்குள் வாடகை கொடுக்க முடியாதவர்கள் எல்லோரும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். சமீஹாவும் அப்படித்தான் வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். ஆற்றங்கரைப் பக்கத்து அரசு மருத்துவமனையில், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில் உதவியாளர். ஊழியர் விடுதியை இடிக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும் வீடு தேடக் கிளம்பினாள்.

கிடைக்காவிட்டால் தன்தா ஊரில் அண்ணன் வீடு இருந்தது. அண்ணன் ஹம்தி தொலைபேசியில் அன்பாகத்தான் பேசினான்.

"உனக்கு எதுக்குடி தனி வீடு? இங்க வா. மாமியார் ரூம்ல ஒரு கட்டில் போட்டுத் தரேன். அவங்களுக்கும் ராத்திரியில துணையாச்சு."

படுத்த படுக்கையாகக் கிடந்த அவன் மாமியாருக்குச் சம்பளம் வாங்காத ஆயா தேவைப்பட்டது. போனால் வேலை போகும். வேலை போனால் தன் கையால் சம்பாதித்துத் தன் சாவியால் கதவைத் திறக்கும் வாழ்க்கை போகும். அந்த வாழ்க்கையை அவள் சும்மா பெறவில்லை. நீதிமன்றப் படியேறி, மஹர் பணத்தையும் ஜீவனாம்சத்தையும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்து, சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு அடித்தவனிடமிருந்து குலா என்னும் மணவிலக்கு வாங்கினாள். அந்த விடுதலையின் விலை அவளுக்குத் தெரியும்.

தரகர் ஷிஹாத்தா துக்-துக் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சந்து சந்தாகக் காட்டினான். நெற்றியில் தொழுகைத் தழும்பு கறுத்திருந்த ஒருவர் சாவியை நீட்டியவர், விவாகரத்து என்ற சொல்லைக் கேட்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"குடும்பத்துக்கு மட்டும்தான்மா விடுவோம்."

"நான் குடும்பம் இல்லையா?"

"ஒத்தை ஆளு எப்படிம்மா குடும்பமாகும்?"

இன்னொரு வீட்டில் உரிமையாளரின் மனைவியே வாசலில் நின்று, சமீஹாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல வயசுப் பசங்க இருக்காங்க" என்றாள். மகன்களை அடக்கி வைக்க வக்கில்லாத தாய், வாடகைக்கு வந்தவளைக் குற்றவாளியாக்கினாள். எந்த நீதிமன்றத்தில் இந்த நியாயம் செல்லும்? ஆனால் தெருவில் செல்லுகிறது.

திரும்பும் வழியில் ஷிஹாத்தா வண்டியை ஓரம் கட்டினான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. உங்க அடையாள அட்டையில இன்னும் புருஷன் பேருதானே இருக்கு?"

"மாத்தணும். நேரம் கிடைக்கல."

"மாத்தாதீங்க! புருஷன் அலமைன் பக்கம் கடற்கரையில கட்டட வேலை, டைல்ஸ் பதிக்கிறவர், எப்பவாச்சும்தான் வருவார்னு சொல்லிடுங்க. செலவில்லாத புருஷன். சாப்பாடு கேக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். எங்க ஊர்ல இதவிட நல்ல மாப்பிள்ள கிடைக்காது."

சமீஹா சிரிக்கவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஆனால் விடுதியின் மேல்மாடியில் சன்னல் கதவுகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஹாஜி பய்யூமியின் கட்டடத்தில் நான்காவது மாடி வீட்டைப் பார்த்தபோது அவள் அந்தப் பொய்யைச் சொன்னாள். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "அல்லாஹ் அவர் கைக்கு பலம் கொடுக்கட்டும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

பய்யூமி கெட்டவர் இல்லை. அதுதான் இந்தக் கதையின் கசப்பு. அவள் குடிவந்த வாரத்தில் எரிவாயு உருளையைத் தன் தோளிலேயே சுமந்து நான்கு மாடி ஏறி வந்தவர் அவர். மூச்சு வாங்க நின்று, "புருஷன் வெளியூர்ல இருக்கற பொண்ணு, நாங்கதான் பாத்துக்கணும்" என்றார். இல்லாத ஒருவனுக்குச் செய்த மரியாதை அது. இருக்கிறவளுக்கு அதில் பங்கு இல்லை.

பொய்யைச் சொல்வது சுலபமாக இருந்தது. துவைத்துக் காயப்போடுவதுதான் கடினம்.

அந்தச் சந்தில் துணிக்கொடி எல்லோரும் படிக்கும் எழுத்து. பால்கனிக்கு வெளியே வரிசையாகக் கம்பிகள். வெளிக்கம்பியில் ஆண்களின் நீள அங்கியான ஜல்லாபியாவும் சட்டையும். நடுவில் போர்வைகள். பெண்களின் உள்ளாடைகள் போர்வைக்குப் பின்னால், உள்கம்பியில். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடக்கிறான் என்பதெல்லாம் கொடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சமீஹாவின் வெளிக்கம்பி வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. கீழே காப்பிக்கடை நடத்தும் அப்து அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்துவதை அவள் கவனித்தாள்.

அடுத்த விடுமுறையில் பழைய துணிச் சந்தைக்குப் போய், சாம்பல் நிற ஜல்லாபியா ஒன்றும் கோடு போட்ட பைஜாமாவும் சில பனியன்களும் கால்சட்டைகளும் வாங்கி வந்தாள். கணவன் "வந்துபோன" வாரங்களில் அவற்றை வாளியில் முக்கி, சோப்புப் போட்டு, பிழிந்து, வெளிக்கம்பியில் மாட்டினாள். ஓர் ஆணின் துணியைத் துவைக்கும் கடமையிலிருந்து நீதிமன்றம் அவளை விடுவித்திருந்தது. இப்போது ஒரு சந்தின் மனநிம்மதிக்காக, யாரும் உடுத்தாத துணியைத் துவைத்தாள். துவைக்கும்போதெல்லாம் கை எரிந்தது. சோப்பினால் அல்ல.

நான்கு முழத் துணி திருடனைத் தடுக்குமா? ஆபத்துக்கு ஓடி வருமா? ஆனால் அது காற்றில் ஆடியது, சந்து நிம்மதியாகத் தூங்கியது.

எதிர் வீட்டு நான்காவது மாடியில் உம்மு தாஹிர் இருந்தாள். தாஹிரின் அம்மா என்பதால் அந்தப் பெயர். மகன் குவைத்தில், கணவர் போன வருடம் இறந்துவிட்டார். சந்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பால்கனிகளுக்கும் நடுவே ஒரு கை நீள இடைவெளி. பொரித்த கத்தரிக்காயும் செய்திகளும் அந்த வழியாகவே போய்வரும். ஒரு காலை, துணிக் கவ்வுகளை வாயில் கடித்துக்கொண்டு துணி மாட்டிக்கொண்டிருந்த சமீஹாவைப் பார்த்து அவள் கேட்டாள்.

"ஏன்டி புள்ள, உன் புருஷன் டைல்ஸ் பதிக்கிறவன்னுதானே சொன்ன?"

"ஆமாக்கா."

"நின்னுக்கிட்டே பதிப்பானா?"

சமீஹா வாயிலிருந்து கவ்வை எடுத்தாள்.

"எங்க வீட்டு மனுஷன் காலம் பூரா அதே வேலைதான் பாத்தாரு. முட்டி போட்டுப் போட்டுக் கால்சட்டை முட்டியில சிமெண்டு ஏறி இறுகிப் போயிருக்கும். பிரஷ்ஷே தேஞ்சுது, கறை போகல. உன் புருஷன் துணி என்னவோ கல்யாண மாப்பிள்ளை துணியாட்டம் இருக்கு."

கீழே ஒரு துக்-துக் பாட்டு அலறிக்கொண்டு போனது. பிறகு சமீஹா மெல்லச் சொன்னாள். "அடிச்சவன எப்பவோ விட்டுட்டேன்க்கா. இப்படி ஒருத்தன் இல்லவே இல்ல."

"அது எனக்கு மூணாவது சலவையிலயே தெரியும்." உம்மு தாஹிர் உள்ளே போனாள். ஒரு மூட்டையோடு வந்து, கம்பிக்கு மேலே கையை நீட்டி அதைக் கொடுத்தாள். "இத மாட்டு. முட்டியப் பாத்தா எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

இறந்துபோன கணவருடைய வேலைக் கால்சட்டை அது. தடித்த பழுப்புத் துணி, இரண்டு முட்டியிலும் பச்சைத் தார்ப்பாய் ஒட்டு. உம்மு தாஹிரே கோணல் தையலில் தைத்தது. கணவனின் துணியைக் கொடுக்கும்போது அவள் முகம் ஒரு கணம் வேறு பக்கம் திரும்பியது. சமீஹா மறுக்க வாயெடுத்தாள். "பேசாம மாட்டுடி" என்றாள் அவள்.

நல்ல மனசு சில நேரம் கணக்கை மறந்துவிடும். அந்தக் கால்சட்டையைச் சந்து முழுக்க அறியும். அதைப் போட்டுக்கொண்டுதான் தாஹிரின் அப்பாவான அபூ தாஹிர் சாயங்காலமெல்லாம் அப்துவின் கடையில் உட்கார்ந்து ஷீஷா புகைக்குழாய் இழுத்தார். பச்சை முட்டி என்றே அவருக்குப் பட்டப்பெயர். மனைவிக்கு அது ஒரு கறை படிந்த துணி. மற்றவர்களுக்கு அது ஒரு மனிதன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் கடைக்குத் திரும்பியபோது அப்து நிமிர்ந்து பார்த்தான்.

"அடப்பாவமே! பச்சை முட்டி எந்திரிச்சு வந்து நாலாவது மாடிக்குக் குடிபோயிட்டாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. இறந்தவனின் கால்சட்டை அந்தப் பெண்ணின் கொடிக்கு எப்படிப் போனது? உயிரோடு இருந்தபோதே போய்வந்திருப்பானோ? அவள் குடிவந்ததே அவன் இறந்த பிறகுதான் என்பதை அங்கே ஒருவனும் கணக்குப் பார்க்கவில்லை. அவதூறுக்குக் கணக்கு தேவையில்லை.

பய்யூமி மேலே ஏறி வந்தார். இந்த முறை தோளில் எரிவாயு உருளை இல்லை.

"சமீஹாம்மா, அந்தக் கால்சட்டை யாருது?"

அவள் வாய் திறப்பதற்குள் எதிர் பால்கனியிலிருந்து குரல் வந்தது. "என் புருஷனுது. நான்தான் கொடுத்தேன் ஹாஜி."

"ஏன் கொடுத்த?"

இப்போது சமீஹா பேசினாள். "ஏன்னா எனக்குப் புருஷன் இல்ல. நாலு வருஷம் முன்னாடி குலா வாங்கிட்டேன். கொடியில இருக்கறதெல்லாம் சந்தையில வாங்கின துணி."

பய்யூமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட பொய் சொன்னியேம்மா. அல்லாஹ் மேல நம்பிக்கை வச்சுச் சாவி கொடுத்தேனே."

"உண்மையச் சொன்னப்ப ஒருத்தரும் கொடுக்கல ஹாஜி. நீங்க கொடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருப்பேன் என்று அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

"இத்தனை மாசமா இருக்கேன். என்னால உங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு? சத்தமா? சண்டையா? ஒரு ஆம்பளை படியேறினானா? ஏறினது நீங்க மட்டும்தான், உருளையோட."

"நீ தப்பானவள்னு நான் சொல்லலம்மா. ஆனா ஜனங்க பேசுவாங்க. தனியா இருக்கற பொம்பளைய வச்சிருக்கான்னு என்னத்தான் பேசுவாங்க."

உம்மு தாஹிர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். "நானும் தனியாத்தான் இருக்கேன் ஹாஜி. என்னப் பத்தி யாரு பேசுறா?"

"நீ விதவை. அது வேற."

"என்ன வேற? ரெண்டு வீட்டுலயும் ஆம்பளை இல்ல. என் புருஷன் செத்துப்போனா எனக்கு மரியாதை. அடிக்கறவன இவ விட்டுட்டு வந்தா இவளுக்கு அவமானமா? அவனும் செத்துப்போயிருந்தா இவளுக்கும் சந்தோஷமா வீடு கொடுத்திருப்பீங்களா?"

கீழே காப்பிக்கடையில் நாற்காலிகள் நகரும் சத்தம் நின்றுபோயிருந்தது. அந்த இரண்டு பெண்களிடமும் சொல்லப் பய்யூமியிடம் ஒரு வாதமும் இல்லை. வாதம் இல்லாதபோதும் வழக்கம் இருக்கிறது. அதன் பின்னால் ஒளிந்துகொள்ள எவ்வளவு பெரிய மனிதனுக்கும் இடம் இருக்கிறது.

"ஒப்பந்தம் முடியற வரைக்கும் இரு. யாரும் தொந்தரவு பண்ணாம நான் பாத்துக்கறேன்" என்றார். "அப்புறம் வேற இடம் பாத்துக்கம்மா. என்ன மன்னிச்சிரு." படியிறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போனார்.

அன்று மாலை சமீஹா ஜல்லாபியாவையும் பைஜாமாவையும் கழற்றி, வீட்டைத் துடைக்கும் துணியாகக் கிழித்தாள். பழுப்புக் கால்சட்டையை மட்டும் மடித்து எதிர் பால்கனிக்கு நீட்டினாள். உம்மு தாஹிர் அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு சமீஹா தன் வெள்ளைச் சீருடையைத் துவைத்து வெளிக்கம்பியில் மாட்டினாள். நோயாளிகளின் ரத்தக்கறை முழுதும் போகாத சீருடை. அந்த வீட்டில் உழைக்கிறவள் யார் என்பதை அந்தக் கொடி முதல் முறையாக உண்மையாகச் சொன்னது.

விடுமுறை நாள்களில் அவள் மறுபடி வீடு தேடுகிறாள். தரகர் ஷிஹாத்தா இன்னும் புதுப் புதுக் கணவர்களைக் கண்டுபிடித்துத் தருகிறான். எண்ணெய்க் கப்பலில் ஒருவன், லிபியாவில் ஒருவன். அவள் வேண்டாம் என்று தலையாட்டுகிறாள். அடையாள அட்டையை மாற்றிவிட்டாள். வாசலில் நின்று, கேட்பதற்கு முன்பே தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்கிறாள். கதவுகள் சாத்தப்படுகின்றன. தன்தாவில் அண்ணன் கட்டிலைப் போட்டுத் தயாராக வைத்திருக்கிறான். ஒப்பந்தம் முடியும் நாள் நெருங்குகிறது.

சமீஹா உங்கள் ஊரிலும் இருக்கிறாள். அவளுக்கு அங்கே வேறு பெயர் இருக்கும். நாளையோ மறுநாளோ உங்கள் வீட்டு "வாடகைக்கு" பலகையைப் பார்த்துவிட்டுப் படியேறி வருவாள். புருஷன் எங்கே என்று கேட்காதீர்கள். தண்ணீர் எப்போது வரும், குப்பையை எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவள் கையில் சாவியைக் கொடுங்கள்.